சஷிகோ கற்க ஆசையா? ஜீன்ஸை அப்புறம் தொடலாம்

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். பொத்தான் தைப்பதைத் தவிர வேறு தையல் தெரியாதவர் சஷிகோ என்ற ஜப்பானியக் கைத்தையலைக் கற்க முடியுமா, அதற்கு ஜப்பானிலிருந்து வரும் கிட் வாங்கித்தான் ஆகவேண்டுமா, முட்டி கிழிந்த ஜீன்ஸில் அந்த ஆறுமுனை நட்சத்திரக் கோலத்தையே முதல் வேலையாகப் போடலாமா. முடியும், வேண்டியதில்லை, போடாதீர்கள். இதுதான் பதில். மூன்றாவதை ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

சஷிகோவில் இருப்பது ஒரே ஒரு தையல். நாம் ஓட்டுத் தையல் என்று சொல்வோமே, ஊசி மேலே வரும், கீழே போகும், அதேதான். பெயருக்கே ‘சின்னச் சின்னக் குத்து’ என்றுதான் பொருள் (ஜப்பானியர் வாயில் நடு இகரம் கரைந்துபோய் ‘சஷ்கோ’ என்றே கேட்கும்). அதனால் எம்பிராய்டரி தெரியாதே என்ற கவலை வேண்டாம். சொல்லப்போனால் எம்பிராய்டரி தெரிந்தவர்கள்தான் முதலில் திணறுவார்கள், பழக்கதோஷத்தில் வளையத்தை மாட்டித் துணியைப் பறைத்தோல் மாதிரி விறைப்பாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு குத்தாகக் குத்தி இழுப்பார்கள். சஷிகோவுக்கு வளையமே கிடையாது, துணி கையில் தொளதொளவென்று கிடக்கவேண்டும்.

இது அலங்காரத்துக்காகப் பிறந்த வேலை இல்லை. ஜப்பானின் பெரிய தீவான ஹொன்ஷுவின் வடகோடியில் இருக்கிறது அவோமோரி. பனி கொட்டும் ஊர், பருத்தி விளையாது. விளைந்தது ‘அசா’ என்ற நார்ச்செடி (தாவரவியல்படி கஞ்சாச் செடியின் இனம்தான், அங்கே உடுத்துவதற்காக வளர்த்தார்கள்). அந்த நார்த்துணியின் நெசவு சல்லடை மாதிரி, காற்று நேராக உள்ளே வரும். பருத்தி வாங்கி உடுத்தலாம் என்றால் 1724-இல் அவோமோரியின் ட்சுகரு பகுதியை ஆண்டவர்கள் குடியானவர்கள் பருத்தித் துணி உடுத்தக்கூடாது என்று சிக்கன ஆணை போட்டுவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் என்ன செய்தார்கள் என்றால், நெசவின் ஒவ்வொரு இடைவெளியிலும் நூலை ஓட்டி அடைத்தார்கள். ஆரம்பத்தில் நார் நூலால், பருத்தி நூல் கையில் கிடைத்த பிறகு வெள்ளைப் பருத்தி நூலால். துணி தடித்தது, குளிர் தாங்கியது, தோள்பட்டை சீக்கிரம் தேயவில்லை. கோலம் அதன் மேல் வந்து உட்கார்ந்ததுதான்.

இதே எடோ காலத்தில் (1603–1868) ஜப்பானின் நகரத்து மனிதர்கள் ஆசை ஆசையாக வாங்கிய கோடு போட்ட மெல்லிய பருத்தித் துணி ஒன்றுக்கு ‘சான்டோமே’ என்று பெயர். நம் சாந்தோம்தான் அது! சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன துணி, ஊர்ப்பெயரும் கூடவே போய் ஒட்டிக்கொண்டது, பிறகு ஜப்பானிலேயே அதைப் பார்த்து நெய்தவற்றுக்கும் அதே பெயர். வடக்கே அவோமோரியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இதெல்லாம் எட்டாக்கனி. அவர்களுக்குக் கிடைத்தது ஒசாக்காவிலிருந்து ஜப்பான் கடல் வழியாக வடக்கே வந்த வணிகக் கப்பல்கள் கொண்டுவந்த பழைய துணி, யாரோ உடுத்திக் கழித்தது. அதைத் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டு, ஒட்டின் மேல் ஒட்டாக, அம்மா உடுத்தியதை மகளும் மகள் உடுத்தியதைப் பேத்தியும் என்று தைத்துத் தைத்து வைத்திருந்ததைத்தான் இன்று ‘போரோ’ என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள். போரோ என்றால் கந்தல். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள் இங்கே, அவர்கள் தைத்தும் கட்டினார்கள்.

டனாகா சூசபுரோ (1933–2013) என்பவர் அவோமோரியின் கிராமம் கிராமமாக அலைந்து இவற்றைச் சேகரித்தார். பல வீடுகளில் வெளியே காட்டவே கூச்சம், வறுமையின் அடையாளம் அல்லவா. அவர் சேகரித்த சஷிகோ உடைகளில் 786 உருப்படிகளை ஜப்பான் அரசு 1983-இல் முக்கியமான நாட்டுப்புறப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. டோக்கியோவின் அசகுசாவில் 2009 முதல் 2019 வரை அவருடைய போரோ துணிகளுக்காகவே ஒரு காட்சியகம் இருந்தது. இப்போது இதே தோற்றத்தில், புதுத் துணியை வேண்டுமென்றே கிழித்துத் தைத்து, யானை விலைக்கு விற்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை, கிழியாத துணியில் ஒட்டு எதற்கு? உங்கள் ஜீன்ஸ் உண்மையிலேயே கிழிந்திருக்கிறது, அந்த வகையில் நீங்கள் சரியான பக்கம் நிற்கிறீர்கள்.

வகைகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானில் மூன்று பெரிய சஷிகோ என்பார்கள்: ட்சுகருவின் கோகின், அதே அவோமோரியின் கிழக்குப் பக்கத்து நம்பு ஹிஷிஸாஷி (நம்புங்கள், ஊர்ப்பெயர் நம்புதான்), யமகதாவின் ஷோனாய் சஷிகோ. முதல் இரண்டும் இழையை எண்ணிப் போடுவது. கோகினில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் இழைகளைத் தாண்டவேண்டும், அதனால் கட்டம் நெட்டையான வைரமாக வரும். ஹிஷிஸாஷியில் இரட்டைப்படை, வைரம் படுத்துக்கொள்ளும். 1891-இல் ரயில் அவோமோரிவரை வந்து, விலை மலிந்த பருத்தித் துணியும் வந்ததும் கோகினைக் கை விட்டார்கள், பிறகு ஹிரோசாகியில் அதை மீட்டெடுத்தார்கள், அது தனிக்கதை. இணையத்தில் சஷிகோ என்று தேடினால் கோகினும் கலந்து வரும். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஜீன்ஸில் இழை எண்ண உட்கார்ந்துவிடாதீர்கள், ஜீன்ஸ் துணியில் எண்ணவே முடியாது. ஜூடோ ஆடுபவர்களின் மேல்சட்டையில் அரிசி அரிசியாகப் புடைத்திருக்கும் பார்த்திருப்பீர்கள், அந்த நெசவுக்குக்கூட சஷிகோ நெசவு என்றுதான் பெயர், கையால் தைத்ததைத் தறியில் போலி செய்தது.

சரி, சாமான்கள். துணிதான் முதல் விஷயம், நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். நெருக்கமாக நெய்த பாப்ளின், பளபளப்பான படுக்கை விரிப்புத் துணி இதெல்லாம் வேண்டாம், இரண்டு அடுக்கில் ஊசி ஏறவே ஏறாது, விரல் நுனி புண்ணாகும். காடா துணி நல்லது, கதர் நல்லது, நாலைந்து வருடம் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி எல்லாவற்றையும்விட நல்லது. புதுத் துணி என்றால் வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை ஊறவைத்து அலசிக் காயவைத்துவிடுங்கள், தைத்த பிறகு சுருங்கினால் செய்த வேலை எல்லாம் கோணிக்கொள்ளும். நீலம் தோய்த்த துணி வாங்கினால் இன்னும் ஜாக்கிரதை. நீலச்சாயம் துணியின் மேல் ஏறி உட்காரும் சாயம், தைக்கும்போது உங்கள் விரல் வழியாக வெள்ளை நூலுக்கு ஏறிவிடும். உப்புப் போட்டால் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள், நிற்காது. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுவது ஒன்றுதான் வழி.

நூலுக்கு வருவோம். சஷிகோ நூல் என்று தனியாக வருவது பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய மினுமினுப்பில்லாத பருத்தி நூல், பிரிக்காமல் அப்படியே கோத்துத் தைப்பது. கடையில் கிடைக்கும் ஆறிழை எம்பிராய்டரி நூலிலும் தைக்கலாம், தப்பில்லை, ஆனால் அதன் இழைகள் ஒன்றோடொன்று சேராமல் தட்டையாகப் படுத்துவிடும், தையல் ஒவ்வொன்றும் அரிசிமணி மாதிரி உருண்டு நிற்காது. 8-ஆம் எண் பேர்ல் காட்டன் நூல் கிடைத்தால் அதை வாங்குங்கள், கொஞ்சம் பளபளக்கும், மற்றபடி வேலைக்கு ஆகும். ஊசி நீளமானதாக, உடம்பு முழுக்க ஒரே பருமனாக, காது நூலுக்குப் போதுமானதாக இருக்கவேண்டும், அஞ்சு சென்டிமீட்டர் நீளம் இருந்தால் சுகம். கோணி ஊசி வேண்டாம், பெரிய ஓட்டை போடும். அங்குஸ்தான் என்றால் நாம் விரல் நுனியில் மாட்டும் தொப்பியை நினைப்போம். அங்கே நடுவிரலின் அடியில் மோதிரம் மாதிரி மாட்டி, உள்ளங்கைப் பக்கம் ஒரு சின்னத் தகடு இருக்கும்படி வைத்துக்கொள்கிறார்கள், ஊசியின் காதுப் பக்கம் அந்தத் தகட்டில் பதியும். அது இல்லாவிட்டால் பழைய தோல் பர்ஸிலிருந்து ஒரு பட்டை வெட்டி மோதிரமாகச் சுற்றித் தைத்துக்கொள்ளுங்கள், நான் ரொம்ப நாள் அதில்தான் தைத்தேன்.

கிட்டைப் பற்றி: ஒலிம்பஸ், தருமா போன்ற ஜப்பானிய நூல் கம்பெனிகளின் கோலம் அச்சடித்த துணிகள் அருமையானவைதான், கோடு போடும் வேலை மிச்சம், தைத்து முடித்துத் தண்ணீரில் போட்டால் கோடு போய்விடும் (அதற்கு முன் இஸ்திரி போட்டுவிடக்கூடாது, கோடு அப்படியே தங்கிவிடலாம்). யாராவது பரிசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கைக்காசு போட்டு முதல் நாளே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் கட்டம் நாமே போட்டால்தான் கோலம் எப்படி உருவாகிறது என்று புரியும். புள்ளி வைத்துக் கோலம் போட்ட கைக்கு இது பத்து நிமிட வேலை.

இப்போது கையை எப்படி வைப்பது. இங்கே மெதுவாகப் படியுங்கள். நூல் கோத்துக்கொள்ளுங்கள், ஒரு கை நீளத்துக்கு மேல் வேண்டாம், நூல் பஞ்சுபஞ்சாகிவிடும். வலது கையில் ஊசி, காதுப் பக்கம் தகட்டில் பதிந்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஊசி முனைக்குப் பக்கத்தில் துணியோடு சேர்த்துப் பிடித்திருக்கும். இடது கை ஒரு ஏழெட்டு சென்டிமீட்டர் தள்ளித் துணியைப் பிடித்திருக்கும். இப்போது ஊசியை ஆட்டாதீர்கள். ஊசி நேராக நிற்கட்டும், இடது கை துணியை மேலே கீழே, மேலே கீழே என்று அசைக்கட்டும், ஒவ்வொரு அசைவுக்கும் ஊசியில் ஒரு மடிப்பு ஏறும். ஊசி நிறைய மடிப்புச் சேர்ந்ததும், பாவாடை நாடாவில் துணி சுருங்கி நிற்குமே அது மாதிரி இருக்கும், மொத்தமாக ஊசியை உருவி இழுங்கள்.

இழுத்ததும் துணி சுருங்கிக் கிடக்கும், எல்லோரும் இங்கே அப்படியே அடுத்த தையலுக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். தொடங்கிய இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியை வைத்துத் தையல் ஓடிய திசையிலேயே இரண்டு மூன்று முறை அழுத்தி நீவிவிடுங்கள், சுருக்கம் போய் நூல் துணியின் நீளத்துக்கு வந்து உட்காரும்வரை. இதற்கு ஜப்பானியத்தில் ‘இட்டோ கோக்கி’ என்று தனிப்பெயரே இருக்கிறது, நூலை நீவுதல். நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான். தையல் கொஞ்சம் பெரிசு சிறிசாக இருந்தால் குடி முழுகிப் போகாது, நூல் இழுத்துக்கொண்டு நின்றால் துவைத்ததும் துணி அப்பளம் மாதிரி அலை அலையாகிவிடும். என்னுடைய முதல் துணி அப்படித்தான் ஆனது, இன்னும் அடுப்படியில் சூடு பிடிக்கிற துணியாகக் கிடக்கிறது.

தையலின் அளவு: மேலே தெரிவது மூன்று பங்கு, அடியில் போவது இரண்டு பங்கு. மேல் தையல் ஒரு அரிசி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை மனப்பாடம் செய்வதைவிட எல்லாம் ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். மூலை திரும்பும்போது தையல் சரியாக மூலையில் முடியவேண்டும், அப்போதுதான் கூர்மை தெரியும், அடியில் திரும்பும் நூலை ஒரு பொட்டு தளர்வாக விடவேண்டும். பல கோடுகள் கூடும் நடுப்புள்ளியில் தையல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் நடுவில் சின்ன ஓட்டை விட்டதுபோல நின்றுவிடவேண்டும். நீங்கள் ஆசைப்படும் நட்சத்திரத்தில் (அசனோஹா, அந்த நார்ச்செடியின் இலை, செடி நெடுநெடுவென்று வளர்வதால் குழந்தைத் துணிகளில் போடுவார்கள்) எல்லா இடத்திலும் கோடுகள் கூடுகின்றன, எந்தக் கோட்டிலிருந்து எந்தக் கோட்டுக்குப் போவது என்று முன்கூட்டியே வழி யோசிக்கவேண்டும். அதனால்தான் முதல் வேலையாக வேண்டாம் என்கிறேன்.

முதல் வேலைக்கு ஹனாஃபுக்கின் போடுங்கள். தட்டு துடைக்கிற துணிதான், ஆனால் கோலம் போட்டது. பழைய வேட்டியில் சுமார் 35 சென்டிமீட்டர் சதுரமாக இரண்டு துண்டு, ஓரம் சேர்த்து மூன்று பக்கமும் நாலாவது பக்கத்தில் பாதியும் தைத்து, உள்ளே வெளியே திருப்பி, வாயை மூடிவிடுங்கள். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டு, உள்ளே அரை சென்டிமீட்டர் கட்டம் போடுங்கள். இதில் போடுவது ‘ஹிட்டோமேஸாஷி’, கட்டத்துக்கு ஒரு தையல். மூன்றுக்கு இரண்டு கணக்கு இங்கே கிடையாது, மேலே ஒரு கட்டம், அடியில் ஒரு கட்டம். முதலில் படுக்கை வரிசைகள் எல்லாவற்றையும் முடியுங்கள், பக்கத்து வரிசையில் தையல் மாறி விழவேண்டும். இதுவரை பார்த்தால் ஒன்றுமே இருக்காது, வெறும் கோடு கோடாக இருக்கும், இதற்கா இவ்வளவு என்று தோன்றும். அப்புறம் நெடுக்கு வரிசை ஆரம்பிப்பீர்கள், ஐந்தாறு வரிசை போவதற்குள் கோடுகள் கைகோத்துக்கொண்டு படிக்கட்டு மாதிரி ஒரு கோலம் எழும். வரிசை மாறும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் அதுவே பெர்சிமன் பழத்தின் பூவாகும், கூட்டல் குறிக்குக் குறுக்குக் கோடு சேர்த்தால் ‘கோமேஸாஷி’, ஜப்பானிய எழுத்தில் அரிசி என்று எழுதியது மாதிரி இருக்கும். திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் ஒரு கோலம் வந்திருக்கும்.

முடிச்சுப் போடலாமா என்றால், தட்டு துடைக்கும் துணியில் இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் முடிச்சில்லாமல் மூன்று நாலு தையல் முன்னால் ஓட்டிவிட்டு அதன் மேலேயே திரும்பி வந்து தொடங்குவது வழக்கம். ஜீன்ஸில் உள்பக்கம் முடிச்சு இருந்தால் என்ன, யாரும் முட்டியைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை.

ஒரு துணி, முடிந்தால் இரண்டு துணி முடித்த பிறகு ஜீன்ஸுக்கு வாருங்கள். ஓட்டையைச் சுற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் கிழிசலைவிடப் பெரிய வட்டத்துக்குத் துணி நைந்திருப்பது தெரியும், அந்த நைந்த பகுதி முழுவதையும் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் போகிற மாதிரி ஒட்டுத்துணி வெட்டவேண்டும். ஓட்டை அளவுக்கு மட்டும் வெட்டினால் அடுத்த மாதம் ஒட்டின் ஓரத்திலேயே கிழியும். ஒட்டுத்துணி ஜீன்ஸைவிட மெல்லியதாக, துவைத்துப் பழகியதாக இருக்கட்டும், முரட்டுத் துணி வைத்தால் நைந்த பக்கம்தான் தோற்கும். தொங்கும் வெள்ளை இழைகளை வெட்டாதீர்கள், அவையும் தையலுக்குள் போனால் பலம். ஒட்டை உள்பக்கமாக வைத்து, பெரிய பெரிய தையலாகத் தற்காலிகமாக ஓட்டி நிறுத்திக்கொண்டு, மேல்பக்கம் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் நேர்க்கோடுகள், அவ்வளவுதான். கிழிசலுக்கு வெளியே நல்ல துணியில் தொடங்கி, மறுபக்க நல்ல துணியில் முடிக்கவேண்டும். ஒவ்வொரு வரிசை முடிவிலும் திரும்பும் இடத்தில் நூலைக் கண்ணுக்குத் தெரிகிற சின்ன வளையமாகத் தளர்த்தி விடுங்கள், முட்டி மடங்கும்போது அந்தத் தளர்வுதான் காப்பாற்றும். இழுபடும் ஜீன்ஸ் என்றால் இன்னும் கொஞ்சம் தாராளமாக.

தைக்கும்போது கால் குழாய்க்குள் ஒரு தண்ணீர் பாட்டிலோ சுருட்டிய பத்திரிகையோ நுழைத்துக்கொள்ளுங்கள். நான் நுழைக்காமல் ஒருநாள் ராத்திரி பதினோரு வரிசை அழகாக ஓட்டி முடித்து, காலையில் போட்டுப் பார்த்தால் கால் பாதி வழியில் நிற்கிறது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருந்தேன்.

கோடு போடும் பேனா: சூட்டில் மறையும் பேனாக்கள் கறுப்புத் துணியில் வெள்ளைத் தழும்பு விடும், கடுங்குளிரில் கோடு திரும்பவும் வரும். தண்ணீரில் போகும் நீலப் பேனா வெளிர் துணிக்கு நல்லது, இஸ்திரிப் பெட்டியை மட்டும் கிட்டே கொண்டு வராதீர்கள். ஜீன்ஸுக்குத் தையல் சாக்பீஸ் போதும், அதுவும் இல்லையென்றால் தேய்ந்து காய்ந்துபோன குளியல் சோப்பின் சில்லு இருக்கிறதே, அதைவிடக் கூர்மையான வெள்ளைக் கோடு எதுவும் போடாது. தைத்து முடித்ததும் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தனியாக அலசி நிழலில் காயப்போடுங்கள், ஈரமாக இருக்கும்போதே ஒருமுறை தையல் ஓடும் திசையில் கையால் நீவிவிட்டால் எங்காவது இழுத்துக்கொண்டிருக்கும் நூலும் இறங்கிவிடும்.